நடத்துபவருக்கு மட்டும்

கைடு அக்காவுக்கு அந்தப் பெயர் எட்டாம் வகுப்பிலேயே விழுந்துவிட்டது. பாடப் புத்தகத்தை அவள் பிரித்துப் பார்த்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. கேள்வியும் பதிலும் வரிசையாக அச்சடித்த கைடுதான் எப்போதும் கையில் இருக்கும். அதை வைத்தே பத்தாவது வரை தத்தித் தத்தித் தேறினாள். படிப்பு அதோடு நின்றது. கைடுப் பைத்தியம் நிற்கவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் முதன்முதலாகத் துணி துவைக்கும் மெஷின் வாங்கியபோது, எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். அவள் மட்டும் காலி அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டு, அதோடு வந்த குறிப்புப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு வெறும் புத்தகத்தை மட்டும் வாங்கிட்டு வந்திருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் எதையும் கழற்றிவிடுவார். திரும்ப மாட்டுவதற்கு மட்டும் மனைவியைக் கூப்பிடுவார்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மேஜை அவளுடையது. அறுபது அடுக்குத் துணியை விரித்து, அதன்மேல் கை, கழுத்து, முதுகு, பாக்கெட் என்று அட்டை அச்சுகளைப் பரப்பி, ஒரு விரல் அகலத் துணிகூட வீணாகாமல் வெட்டித் தள்ளுவாள். பத்தொன்பது வருஷமாக அந்த மேஜையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவளைத் தலைகால் புரியாமல் ஆட வைத்தது அந்த மேஜை அல்ல. அவள் போகும் கிறிஸ்தவச் சபையின் பக்கத்து அறை அலமாரியில், கீழ்த் தட்டில், கிழிந்த திரைச்சீலைக்கு அடியில் கிடந்த நான்கு புத்தகங்கள்தான்.

மேஜை விரிப்பு எடுக்கத்தான் அன்று போனாள். போதகர் அலமாரிச் சாவியைக் கொடுத்திருந்தார். விரிப்பை இழுத்தபோது கூடவே புத்தகங்களும் சரிந்து காலில் விழுந்தன. முதல் புத்தகத்தைப் பிரித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வீட்டுக்காரர் வண்டி ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்தார்.

முதல் புத்தகம் ஆராதனையைத் திட்டமிடுகிறவர்களுக்கானது. வருஷத்தில் எத்தனை ஞாயிறு உண்டோ அத்தனைக்கும் தனித்தனிப் பக்கம். எந்தப் பகுதியை வாசிப்பது, எப்படிப்பட்ட பாட்டைத் தேடுவது, அறிவிப்புகளை எங்கே வைத்தால் ஜெபம் அறுந்துபோகாது என்பதுவரை எழுதியிருந்தது. இரண்டாவது முழுக்க ஜெபங்கள். வேலைக்குக் கிளம்பும்போது, வேலை போன அன்று, மருந்து வேலை செய்யாத வாரத்தில், பக்கத்து வீட்டோடு வாய்ச்சண்டை முடிந்த சாயங்காலத்தில். மூன்றாவது வேத அகராதி; அந்தக் காலத்து வீடு, விளக்கு, படகு எல்லாம் படம் போட்டு விளக்கியிருந்தது. நான்காவது பன்னிரண்டு பாடங்கள் கொண்ட வேதபாடப் புத்தகம். ஒவ்வொரு பாடத்திலும் கேள்விகள். கேள்விகள் என்றால் கடைசியில் பதில் இருக்குமே என்று கை தானாகப் பின்பக்கம் போனது. இருந்தது! ‘வேதபாடம் நடத்துபவருக்கு மட்டும்’ என்று தலைப்புப் போட்டு, இருபத்து நான்கு பக்கம்.

"என்னங்க, சண்டைக்குக்கூட ஜெபம் எழுதி வெச்சிருக்காங்க!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடி வந்தாள்.

"நல்லதாப் போச்சு. நம்ம வீட்டுக்கு ஒண்ணு பத்தாது, ரெண்டாப் பார்த்து எடு" என்றார் அவர்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கைடு அக்கா சும்மா உட்காருவதில்லை. மூன்றாவது வரிசையில் அமர்ந்து, அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் அந்த ஆராதனையை முதலிலிருந்து திருத்தி எழுதிக்கொண்டிருப்பாள். இந்த ஜெபம் இரண்டு நிமிடம் முன்னால் வந்திருக்க வேண்டும், இந்தப் பாட்டுக்கு அப்புறம் இன்னொரு பாட்டு கூடாது, இங்கே வாசிப்பு வந்தால் பின்வரிசை கொட்டாவி விடாது. துணியில் அச்சுகளைப் பொருத்துவது போலத்தான் அவளுக்கு அதுவும். ஒன்றை நகர்த்தினால் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துகொண்டதும் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. ஒருநாள் ‘ஆகா!’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் பிரசங்கத்துக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

திருத்துவதோடு அவள் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. புதன்கிழமைதோறும் கம்பெனி விட்டதும், நாலரை மணிக்கு, அந்தப் பக்கத்து அறையில் பெண்களுக்கு வேதபாடம் ஆரம்பித்தாள். ஆறு பேர் சேர்ந்தார்கள். கம்பெனியில் பட்டன் தைக்கும் பெண் ஒருத்தி. வாய் ஓயவே ஓயாது, எல்லோருக்கும் அவள் பட்டன்காரி. இஸ்திரிப் பிரிவிலிருந்து அயர்ன்காரம்மா, அதே சபைக்காரி, அதிகம் பேசமாட்டாள். வீட்டுக்காரரின் தங்கை, அதாவது கைடு அக்காவின் நாத்தனார். அண்ணி எங்கே போனாலும் பின்னால் வருவாள். மற்ற மூவர் சபைப் பெண்கள். பெயின்ட் டப்பாக்களை ஓரங்கட்டி, ஏழு நாற்காலி போட்டாகிவிட்டது. புத்தகம் ஒன்றுதான். முன்பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: பாடப் பகுதியைச் சபை உபயோகத்துக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். கைடு அக்கா அதை வீட்டுக்காரரிடம் கொடுத்து, "முழுசா ஆறு காப்பி எடுத்துட்டு வாங்க" என்றாள். அவர் எடுத்து வந்தார், பளபளவென்று ஸ்பைரல் வேறு போட்டு.

முதல் புதன்கிழமையே அவள் அசந்துபோனாள்.

கேள்வியைக் கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்தது. வந்த பதில் அப்படியே அச்சுப் பிசகாமல் புத்தகத்தில் இருந்த பதில்! அடுத்த வாரம் அதைவிடச் சிறப்பு. பட்டன்காரி மூன்று காரணம் சொன்னாள், மூன்றும் சரி. நாத்தனார், வீட்டில் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டால்கூடப் பதில் தெரியாதவள், மன்னிப்பைப் பற்றி நான்கு வாக்கியம் பேசினாள். கைடு அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "எவ்வளவு அறிவுங்க அந்தப் பொண்ணுங்களுக்கு! கேட்க ஆள் இல்லாமத்தான் இத்தனை நாள் சும்மா இருந்திருக்காங்க" என்றாள்.

"என் தங்கச்சியுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர், நம்ப முடியாமல்.

சேதி போதகரிடம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு சிக்கல். அடுத்த மாதத்திலிருந்து அவர் இரண்டு சபைகளைப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிறு இங்கே, ஒரு ஞாயிறு அங்கே. அவர் இல்லாத ஞாயிறுகளில் ஆராதனையை நடத்த யாராவது வேண்டும். சபைச் செயலாளர், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், முன்பு ஒருமுறை நடத்தினார். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது, குழந்தைகளோடு பெரியவர்களும் தூங்கிப்போனார்கள். அதனால் மறுபடி அவரைக் கேட்க யாருக்கும் துணிவில்லை. போதகர் கைடு அக்காவின் பெயரைச் சொன்னார்.

"பத்தாவது படிச்சவங்களா? வெளியில இருந்து யாராவது படிச்சவரை வரவழைப்போம்" என்றார் ஹெட்மாஸ்டர். ஒழுங்கில் அவர் கெட்டி. ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆராதனை என்றால் ஏழே முக்காலுக்கே வாசலில் டைரியோடு நிற்பார். தாமதமாக வருகிறவர்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டார், குறித்துக்கொள்வார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

"ஒரு புதன்கிழமை நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார் போதகர். நாள் குறித்தாயிற்று. ஆறாவது பாடத்தன்று இருவரும் வருவார்கள்.

கைடு அக்காவுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லியே ஆக வேண்டும். தூக்கத்தில்கூட வரவேற்பு ஜெபத்துக்கும் முதல் பாட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கட்டிங் மேஜையில் சாக்பீஸால் கோடு போடும்போது உதடு அசையும். மேடைப் பக்கம் போனதில்லை, மைக்கைத் தொட்டதில்லை. ஆனால் பதினான்கு ஞாயிறுகளுக்கான திட்டம் அவள் பையில் தயாராக இருந்தது. இத்தனை வருஷமாக யாரோ போட்ட அளவுக்கு வெட்டினேன், ஒரு தடவையாவது நானே விரித்து நானே வெட்ட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னாள். வீட்டுக்காரர் அன்று கிண்டல் செய்யவில்லை.

ஐந்தாவது பாடம் வந்தது. வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வருகிற கதை. மூன்றாவது கேள்விக்குப் பிறகு ஒரு நிமிடம் மௌனமாக இருக்க வேண்டும் என்று நடத்துபவருக்கான பக்கத்தில் இருந்தது. ‘சிலர் கண்கலங்கலாம். தடுக்க வேண்டாம். தண்ணீர் தயாராக இருக்கட்டும்.’ கைடு அக்கா கேள்வியைக் கேட்டாள். பதில் வந்தது. கண்ணை மூடினாள்.

மூக்கை உறிஞ்சும் சத்தம். கண்ணைத் திறந்தால் பட்டன்காரி அழுகிறாள். நாத்தனார் அழுகிறாள். இன்னும் மூன்று பேர் முந்தானையாலும் கைக்குட்டையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர், ஒரே நேரத்தில்! கைடு அக்காவுக்குப் புல்லரித்துவிட்டது. இப்படியும் ஒரு வேதபாடம் உண்டா!

அப்போது பட்டன்காரி ஒரு கண்ணை மட்டும் திறந்து, மெதுவாகக் கேட்டாள். "அக்கா, தண்ணி எங்க?"

"எந்தத் தண்ணி?"

"அழுறவங்களுக்குத் தண்ணி வைக்கணும்னு போட்டிருக்கே."

கைடு அக்கா அவள் கையிலிருந்த பிரதியை வாங்கினாள். பின்பக்கத்தைத் திருப்பினாள். இருபத்து நான்கு பக்கமும் இருந்தன. பதில்களுக்கு அடியில் பென்சில் கோடு வேறு. அயர்ன்காரம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு எவ்வளவு முயற்சி பண்ணியும் அழுகை வரலை அக்கா. மன்னிச்சுக்கங்க" என்றாள்.

கைடு அக்கா திட்டுவதற்காக நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்த ஆறு முகங்களிலும் திருட்டுத்தனம் ஒரு துளி இல்லை.

"படிச்சுட்டு வரணும்னுதானே அண்ணி பதிலும் சேர்த்துக் குடுத்தீங்க?" என்றாள் நாத்தனார். "பாத்திரம் கழுவும்போதுகூடச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஹெட்மாஸ்டர் வர்ற அன்னிக்கு நீங்க தலை குனியக் கூடாதுன்னு ஆறாவது பாடமும் இப்பவே மனப்பாடம் பண்ணிட்டோம்."

கைடு வைத்தே பத்தாவது தேறியவள் இதற்கு என்ன பதில் சொல்வாள்? ஆறு பிரதிகளையும் வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

"முழுசா எடுக்கச் சொன்னே. முழுசா எடுத்தேன்" என்றார் வீட்டுக்காரர்.

"பாடம் முழுசும்னு சொன்னேன்!"

"முழுசுன்னா முழுசுதானேம்மா. ஸ்பைரல் போட்டதுக்குப் பாராட்டுவேன்னு பார்த்தா…"

அபராதமாக ஆறு ஸ்பைரல்களையும் அவரே சுழற்றிச் சுழற்றிக் கழற்றினார். சாப்பாட்டு மேஜைமேல் தாள்களைப் பரப்பி, பின்பக்கங்களை அவள் தனியாகப் பிரித்தாள். நடுவில் அவர் ஒரு யோசனை சொன்னார்.

"எதுக்கு இவ்வளவு பாடு? அவங்கதான் ஆறாவது பாடத்தை மனப்பாடம் பண்ணிட்டாங்களே. நீ பேசாம கேள்வியைக் கேளு. அவங்க கடகடன்னு சொல்லட்டும். ஹெட்மாஸ்டர் வாயைப் பொளந்துடுவார். அப்புறம் ஞாயித்துக்கிழமை மேடை உன்னோடதுதான்."

அவள் தாள்களை இன்னும் வேகமாகப் பிரித்தாள். அந்த யோசனை பிடித்திருந்தது, அதுதான் உதைத்தது.

புதன்கிழமை. நாலரை ஆவதற்குள் அறை பெருக்கி, நாற்காலி துடைத்து, அவள் இரண்டு தடவை முகம் கழுவியாகிவிட்டது. போதகர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டர் பழக்கதோஷத்தில் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டைரியைத் திறந்தார். ஆறு பெண்களும் இளைத்துப்போன பிரதிகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் இருப்பது போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள்.

பாடம், கட்டிலோடு கிடந்த ஒரு மனிதனை நான்கு பேர் தூக்கி வந்த கதை. வாசலில் கூட்டம், நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்து மேலேயிருந்து அவனை இறக்கிவிடுகிறார்கள். வாசித்து முடித்தாள். அகராதியைத் திறந்து, மரக்கிளையும் மண்ணும் பரப்பிய அந்தக் காலத்துத் தட்டைக் கூரையின் படத்தைக் காட்டினாள். ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "ம்" என்றார். அந்த ஒரு ‘ம்’ போதும், அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. கேள்வியைக் கேட்டாள்: அந்த நான்கு பேரிடம் நீங்கள் காண்பது என்ன?

தாளில் பதில் இல்லாவிட்டால் என்ன, பட்டன்காரியின் தலைக்குள் இருந்தது. ஒரே மூச்சில் கொட்டினாள். "அந்த நால்வரிடமும் ஒருமனம், விடாமுயற்சி, தடைகளைத் தாண்டும் விசுவாசம் ஆகிய மூன்றையும் காண்கிறோம். இவை மூன்றும் திருச்சபையின் தூண்களாகும்."

"அருமை!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார் ஹெட்மாஸ்டர். "பட்டன் தைக்கிற பொண்ணு என்னமா பேசுது! போதகரே, நான் சந்தேகப்பட்டது தப்பு. இனிமே பார்க்க ஒண்ணுமில்லை. இவங்களே நடத்தட்டும்." டைரியில் எழுத ஆரம்பித்தார்.

கைடு அக்கா ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. நன்றி ஐயா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாத்தனார் அதற்குள் சிரிப்பை அடக்க முடியாமல் நெளிந்தாள்.

"ஐயா, கொஞ்சம் எழுதாதீங்க" என்றாள் கைடு அக்கா. "அது அவளோட பதில் இல்லை. புத்தகத்தோட பதில்."

வியர்த்து விறுவிறுத்து எல்லாவற்றையும் சொன்னாள். முழுசா காப்பி எடுத்தது, மனப்பாடம், ஐந்து பேர் அழுதது, தண்ணீர் கேட்டது. தண்ணீர் வந்த இடத்தில் போதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். அவர் முதுகு குலுங்கியது. ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை.

"அப்போ அஞ்சு வாரமும் இப்படித்தானா?"

"அஞ்சு வாரமும் இப்படித்தான் ஐயா. நான்தான் கவனிக்காம விட்டேன். ஆனா பாடம் இன்னும் முடியலை. கடைசி வரைக்கும் இருங்க."

அவர் பேனாவை மூடினார். உட்கார்ந்தார்.

கைடு அக்கா பெண்கள் பக்கம் திரும்பினாள். "புத்தகத்துல இருக்கிறது நல்ல பதில். எழுதினவங்க நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்காங்க. அவங்க யோசிச்சது போதும். நீங்க சொல்லுங்க. கட்டிலைத் தூக்கிட்டு வர்றாங்களே, அதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பட்டன்காரியே மௌனம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரம் ஓடியது. ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்தார், அவர் பார்த்ததைக் கைடு அக்கா பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் கைவிட்டுப் போயிற்று என்று அவள் முடிவுகட்டியபோது, அயர்ன்காரம்மா நிமிர்ந்தாள்.

"ஒண்ணு கேட்கலாமா அக்கா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளும்மா."

"அவனுக்கு நாலு பேரு எங்க இருந்து கிடைச்சாங்க?"

யாருக்கும் புரியவில்லை. அயர்ன்காரம்மா கையைப் பிசைந்துகொண்டே பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரு கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு. காலையில ஏழு மணிக்கு அவரைக் கட்டில்ல இருந்து தூக்கி நாற்காலியில வைக்கணும். குளிப்பாட்டணும், துடைக்கணும், திரும்பத் தூக்கிப் படுக்க வைக்கணும். எட்டரை ஆயிடும். நான் ஒருத்திதான். என்னைவிட அவரு இருபது கிலோ கூட. ஒருநாள் ரெண்டு பேருமா விழுந்துட்டோம். எழுந்திருக்க முடியாம தரையில கிடந்து முதல்ல சிரிச்சோம், அப்புறம் அழுதோம். இந்தப் பாடத்தைப் படிச்சப்போ எனக்கு விசுவாசமும் தோணலை ஒண்ணும் தோணலை. பொறாமையா இருந்துச்சு. நாலு பேரு! எனக்குத் துணைக்கு ஒரு கை இருந்தாலே போதும் அக்கா."

அவர் விழுந்தது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் அவருக்காகச் சபை ஜெபம் செய்கிறது. நோயாளிகளின் பட்டியலில் மூன்றாவதாக வாசிப்பார்கள். அவரைத் தினமும் யார் தூக்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கைடு அக்காவும் கேட்டதில்லை. அந்தப் பட்டியலை எந்த இடத்துக்கு நகர்த்தினால் ஆராதனை இன்னும் அழகாக இருக்கும் என்று அறிவிப்புத் தாளில் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறாள். நினைத்ததும் அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்து என்ன செய்வது? பழக்கத்தில் கை புத்தகத்தைத் திருப்பியது. பாடத்தின் முடிவில் ஒரு கட்டம். ‘இந்த வாரம் செய்ய வேண்டியது’ என்று தலைப்பு, கீழே நான்கு வெற்றுக் கோடுகள். அவசரமாக நடத்துபவருக்கான பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒரே வரி: ‘இதற்கு இங்கே விடை தரப்படவில்லை.’

பையிலிருந்து ஆராதனைத் திட்டத்தாள் ஒன்றை உருவி, பின்பக்கத்தைத் திருப்பி, கடகடவென்று ஏழு கட்டம் போட்டாள். திங்கள், செவ்வாய், புதன்…

"காலையில ஏழுல இருந்து எட்டரை. கம்பெனிக்கு ஒன்பதுக்குத்தானே போகணும். யாரு எந்த நாள்? நீங்க மட்டும் இல்லை, வீட்டுல தூக்கத் தெம்பா இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வரணும். செவ்வாய் எங்க வீட்டுக்காரர். லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களையே வெளிய எடுக்கிறவர், இதைச் செய்யமாட்டாரா?"

"எனக்குத் திங்கள் போடுங்க அண்ணி!" என்றாள் நாத்தனார். "எங்க வீட்டுக்காரரையும் இழுத்துட்டு வர்றேன். அந்த நேரத்துல பேப்பர்தான் படிச்சுக்கிட்டு இருக்காரு."

"புதன் எனக்கு. எங்க அண்ணன் ஜிம்முக்குப் போறான், வெறும் இரும்பைத்தான் தூக்குறான்" என்றாள் பட்டன்காரி. அந்த அறையில் ஒரு கேள்விக்கு மனப்பாடம் இல்லாமல் அவள் பதில் சொன்னது அன்றுதான் முதல் தடவை. மற்ற மூவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு தாளைச் சுற்றி வந்துவிட்டார்கள். வியாழன் போயிற்று, சனி போயிற்று. வெள்ளிக்கு இருவர் சண்டை போட்டார்கள். போதகர் நடுவில் புகுந்து, "வெள்ளி என்னோடது" என்று எழுதிவிட்டார். அயர்ன்காரம்மா ஒவ்வொரு பெயர் விழும்போதும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நீர் வழிந்ததை அவள் துடைக்கவும் இல்லை.

ஞாயிறு மட்டும் காலியாக இருந்தது. எட்டு மணிக்கு ஆராதனை. அந்த நேரத்தில் எல்லோரும் சபையில் இருப்பார்கள். கைடு அக்கா யோசிக்கவே இல்லை. ஞாயிறு என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

"அது எப்படி?" என்றார் ஹெட்மாஸ்டர். இவ்வளவு நேரமும் அவர் வாசலோரமே உட்கார்ந்திருந்தார். "ஞாயித்துக்கிழமை நீங்க ஆராதனை நடத்துறதைப் பத்தித்தானே இங்க பேச வந்திருக்கோம்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பதினான்கு ஞாயிறுகளும் கண்முன் வந்துபோயின. அவள் பேனாவை மூடினாள்.

"வெளியில இருந்து வரவழைங்க ஐயா. படிச்சவரா, நல்லவரா பாருங்க. என் திட்டமெல்லாம் தர்றேன், அவருக்கு உதவியா இருக்கும்."

ஹெட்மாஸ்டர் டைரியைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒவ்வொரு ஞாயிறாகப் போனார். ஒவ்வொரு பக்கத்திலும் அயர்ன்காரம்மாவின் பெயர், அதனருகில் ஒரே வார்த்தை: தாமதம். தாமதம். தாமதம். இரண்டு வருஷம் போய்ப் பார்த்துவிட்டு டைரியை மூடி வைத்தார். எழுந்து வந்து தாளைத் தன் பக்கம் திருப்பினார். கைடு அக்காவின் பெயரை ஸ்கேல் வைத்தது போல ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே, கரும்பலகையில் எழுதுகிற அந்த முத்து முத்தான எழுத்தில், தன் பெயரை எழுதினார்.

"ஞாயிறு நான் போறேன். என் பையனும் வருவான்" என்றார். "நீங்க சரியா எட்டு மணிக்கு ஆராதனையை ஆரம்பிங்க. இந்த அம்மா முதல் பாட்டுக்கே வந்துடுவாங்க."